ஆம்ப் கெடவில்லை, செருகிய இடம்தான் தவறு

சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 74. அவர் 1980களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இன்னும் கூடத்தில் இருக்கின்றன. பல வருடங்களுக்கு முன் தன் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, ஐபாட் கிளாசிக் என்ற ஆப்பிளின் பாட்டுக் கருவியில் நிரப்பி வைத்திருக்கிறார். இப்போது இயர்ஃபோன் வைத்தால் அவருக்குக் காது வலிக்கிறது. ஸ்பீக்கரில் கேட்கட்டும் என்று மகள் ஒரு வயர் வாங்கி ஐபாடை ஆம்ப்பில் இணைத்திருக்கிறார். மூன்று தொந்தரவு. பாட்டு உறுமுகிறது, பாடுகிறவர் குரல் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. பாட்டை நிறுத்தினாலும் ‘உர்ர்ர்’ என்ற இரைச்சல் நிற்பதில்லை. இடது ஸ்பீக்கர் சில நேரம் பாடுகிறது, சில நேரம் ஊமையாகிவிடுகிறது. கடையில் விசாரித்ததற்கு, ஆம்ப்பின் ஆயுள் முடிந்துவிட்டது, புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம். வாங்கிவிடலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம். முதல் இரண்டு தொந்தரவுக்கும் ஆம்ப் காரணம் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் ஆம்ப்பின் பின்பக்கம் நன்றாகத் தெரிகிறது. சிவப்புப் பின்னும் வெள்ளைப் பின்னும் ஃபோனோ என்று எழுதிய துளைகளில் செருகியிருக்கின்றன. பக்கத்திலேயே டியூனர், ஆக்ஸ், டேப் என்று எழுதிய துளைகள் காலியாக இருக்கின்றன. படத்தின் ஓரத்தில் ஐபாடின் வெள்ளைச் சார்ஜர் வயரும் தெரிகிறது. அந்த இரண்டு பின்களையும் பிடுங்கி ஆக்ஸில் செருகினால் உறுமல் அப்போதே நின்றுவிடும். இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும். மீதி இரைச்சல் சார்ஜரிலிருந்து வருவது.

ஃபோனோவில் ஏன் செருகினீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. வயர் வந்த பாக்கெட்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். ‘3.5 மி.மீ. ஸ்டீரியோ – 2 ஃபோனோ’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. பாக்கெட்டிலும் ஃபோனோ, ஆம்ப்பிலும் ஃபோனோ. படித்துப் பார்த்துச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். குழப்பம் பெயரில் இருக்கிறது. அந்தச் சிவப்பு வெள்ளைப் பின்னுக்கு அமெரிக்கர்கள் ஆர்சிஏ என்று பெயர் சொல்வார்கள். ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனி அந்தக் காலத்தில் இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு இணைக்க இதைப் பயன்படுத்தியதால் வந்த பெயர். பிரிட்டிஷ்காரர்கள் அதே பின்னை ஃபோனோகிராஃபை நினைத்து ஃபோனோ பிளக் என்கிறார்கள். சிங்கப்பூர்க் கடைகளில் இரண்டு பெயரும் ஓடுகின்றன. ஆக, பாக்கெட்டில் இருக்கும் ஃபோனோ பின்னின் வடிவத்துக்குப் பெயர். ஆம்ப்பில் இருக்கும் ஃபோனோ, ‘இங்கே இசைத்தட்டுச் சுழலும் டர்ன்டேபிளை மட்டும் செருகு’ என்ற கட்டளை.

அந்தத் துளைக்கும் மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால், இனி எந்த ஆம்ப்பின் பின்னால் நின்றாலும் தடுமாற்றம் இருக்காது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி உரசும்போது பிறக்கும் மின்சாரம் மிகச் சிறியது, ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுதான். அதனால் ஃபோனோ துளைக்கு உள்ளே தனியாக ஒரு பெருக்கி வைத்திருப்பார்கள். வந்ததை நூறு மடங்கு, அதற்கும் மேலே பெருக்கிவிட்டுத்தான் மற்ற துளைகள் இருக்கும் அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஐபாடின் ஹெட்ஃபோன் துளையில் சத்தத்தை ஏற்றினால் ஊசி தருவதைப்போல நூறு மடங்குக்கு மேல் வரும். அதை மறுபடி நூறு மடங்கு பெருக்கினால் பெருக்கி திணறிப்போய்ச் சிதறடிக்காமல் என்ன செய்யும்?

அதோடு முடியவில்லை. இசைத்தட்டு வெட்டும்போது கனமான ஒலிகளை வேண்டுமென்றே குறைத்தும், கூர்மையான ஒலிகளைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் தபேலாவின் ஒரு அடிக்கே பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டிவிடும். கேட்கும்போது ஃபோனோ பெருக்கி அதைத் தலைகீழாக்கும்: கனத்தைக் கூட்டும், கூர்மையைக் குறைக்கும். இரண்டு முனையிலும் ஏறக்குறைய 20 டெசிபல், அதாவது பத்து மடங்கு வித்தியாசம். ஐபாடில் இருக்கும் பாட்டு ஏற்கெனவே சமமாக இருப்பது. அதற்கும் இதே வைத்தியத்தைச் செய்தால் டிரம் உறுமும், வயலினும் குரலின் தெளிவும் போர்வைக்குள் போய்விடும். நீங்கள் சொன்ன தலையணை அதுதான். ஆம்ப்புக்கோ ஸ்பீக்கருக்கோ இதனால் கெடுதல் வந்திருக்குமோ என்று பயப்பட வேண்டாம். குறைந்த சத்தத்தில் சில நாள் கேட்டதால் ஒன்றும் ஆகியிருக்காது.

சரி, எங்கே செருகுவது? ஆக்ஸ், டியூனர், சிடி, டேப் பிளே என்று எழுதியிருக்கும் எல்லாத் துளைகளும் மின்சாரக் கணக்கில் ஒன்றே. பெயர் மட்டும்தான் வேறு. ஆக்ஸ் இல்லாத ஆம்ப்பில் டியூனரில் செருகினாலும் அதே சத்தம்தான் வரும். டேப் என்ற பெயரில் மட்டும் கவனம் தேவை, அங்கே இரண்டு ஜோடி இருக்கும். பிளே அல்லது இன் என்று எழுதியது உள்ளே வருவதற்கு. ரெக் அல்லது அவுட் என்று எழுதியது வெளியே போவதற்கு. அதில் செருகினால் எவ்வளவு திருகினாலும் சத்தம் வராது. இன்னொரு பொறியும் முன்பக்கத்தில் இருக்கிறது. பழைய ஆம்ப்புகளில் டேப் மானிட்டர் என்று ஒரு பொத்தான் உண்டு. அது உள்ளே அழுந்தியிருந்தால் ஆம்ப் டேப்பை மட்டுமே கேட்கும், மற்ற எதையும் காதில் வாங்காது. துடைக்கும்போது யாரோ தெரியாமல் அழுத்திவிட, ‘ஆம்ப் செத்துப்போச்சு’ என்று என்னைக் கூப்பிட்ட வீடுகள் இரண்டு மூன்று உண்டு. ஆக்ஸுக்கு மாற்றியும் சத்தமே வராவிட்டால் முதலில் அந்தப் பொத்தானைப் பாருங்கள்.

மாற்றும்போது ஆம்ப்பை அணைத்துவிடுங்கள், சத்தம் திருகும் குமிழைக் கீழே இறக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னைப் பிடுங்கினால் எழும் ‘டொம்’ சத்தம் ஸ்பீக்கருக்கு நல்லதல்ல. சிவப்பு வலது, வெள்ளை இடது. பழைய ஆம்ப் சிலவற்றில் வெள்ளைக்குப் பதில் கறுப்பு இருக்கும், அதுவும் இடதுதான். பிறகு ஐபாடின் சத்தத்தை முக்கால் அளவுக்கு மேல், ஏறக்குறைய 80 அல்லது 90 சதவீதத்தில் வைத்துவிடுங்கள். கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்பின் குமிழில் நடக்கட்டும். ஐபாடைக் குறைவாக வைத்து ஆம்ப்பை முறுக்கினால், பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகும். செட்டிங்ஸில் ஈக்யூ என்ற ஒலி மாற்றும் வசதியை ஆஃப் செய்யுங்கள். அதில் கனத்த ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்டர் சத்தத்தைச் சிதைக்கும் என்பது நான் பல முறை கேட்டுப் பார்த்தது. அங்கேயே வால்யூம் லிமிட் என்று ஒன்று இருக்கும். அப்பா காதுக்குப் பயந்து எப்போதோ அதைக் குறைத்து வைத்திருக்கலாம். அதையும் பார்த்துவிடுங்கள்.

ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுத்தால் ஆம்ப் எரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிடி பிளேயர் ஆம்ப்புக்குள் அனுப்புவது 2 வோல்ட் வரை போகும். ஐபாட் தருவது அதைவிடக் குறைவு. ஆக்ஸ் துளை அதிலிருந்து உறிஞ்சும் மின்சாரமும் மிகக் குறைவு, இயர்ஃபோன் உறிஞ்சுவதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஐபாடுக்கு அது ஓய்வு மாதிரி.

ஆனாலும் உங்கள் ஐபாடில் இதைவிட நல்ல வாசல் ஒன்று இருக்கிறது. அடியில் இருக்கும் அகலமான 30 பின் துளை, சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும் அல்ல. அதில் லைன் அவுட் என்ற பாதை உண்டு. பாட்டு, ஹெட்ஃபோனுக்காக இருக்கும் பெருக்கியையும் சத்தக் கட்டுப்பாட்டையும் தொடாமல் நேராக வெளியே வரும். லைன் அவுட்டின் அருமை எனக்குத் தெரிந்தது ஐபாடுக்கும் முன்னால். 2000இல் நம் ஊர் கிரியேட்டிவ் நிறுவனம் நோமாட் ஜூக்பாக்ஸ் என்று ஒன்றை வெளியிட்டது. வட்டமாக, கையில் தூக்கிப்போகும் சிடி பிளேயர் மாதிரியே இருக்கும், உள்ளே 6 ஜிபி ஹார்ட் டிஸ்க். முதல் ஐபாட் வந்தது அதற்கு அடுத்த வருடம் அக்டோபரில். ஜூக்பாக்ஸில் ஹெட்ஃபோன் துளை தனி, லைன் அவுட் துளை தனி. ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிச் செருகி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேட்டிருக்கிறேன். பின்னால் பாட்டுப் பட்டியலைக் காட்டும் முறைக்கான காப்புரிமை வழக்கில் ஆப்பிள், கிரியேட்டிவுக்கு 10 கோடி அமெரிக்க வெள்ளி கொடுத்து 2006இல் சமரசம் செய்துகொண்டது. இந்த ஊரில் பிறந்த வேலை அது என்று எனக்கு இன்றும் பெருமை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். 30 பின்னிலிருந்து 3.5 மி.மீ. துளைக்கு மாற்றும் சின்ன லைன் அவுட் வயரோ, ஆப்பிள் முன்பு விற்ற டாக் என்ற வெள்ளைத் தாங்கியோ, பழைய பொருள் விற்பவர்களிடம் தேடினால் கிடைக்கும். டாக்கின் பின்னால் லைன் அவுட் துளை இருக்கும், நீங்கள் வாங்கிய அதே வயர் அதில் பொருந்தும். தேனொழுகும் ஒலி வரும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை, வித்தியாசம் கொஞ்சம்தான். அப்பாவுக்கு அது வசதி என்பதற்காகச் சொல்கிறேன். லைன் அவுட்டில் ஐபாடின் சக்கரத்தைச் சுற்றினாலும் சத்தம் மாறாது. அவர் தெரியாமல் கை வைத்து, நேற்றுக் கேட்ட சத்தம் இன்று இல்லையே என்று குழம்ப வழியில்லை. தொட வேண்டியது ஆம்ப்பின் ஒரு குமிழ் மட்டும். வழக்கமான அளவில் குமிழின் விளிம்பில் ஒரு சொட்டு நகச்சாயம் வைத்துவிடுங்கள். காய்ந்தபின் விரல் நுனிக்கே தட்டுப்படும், பார்த்துத் திருப்ப வேண்டியதில்லை.

இனி இரைச்சல். அங் மோ கியோவில் எங்கள் புளோக்கில் ஒரு மாமா இருந்தார். அவரும் இதே மாதிரி ‘உர்ர்’ சத்தத்தோடு மூன்று மாதம் போராடினார். ஆம்ப்பின் அடியில் செய்தித்தாளை மடித்து வைத்தார், இடம் மாற்றினார், பிறகு விலை கூடிய வயர் ஒன்றை வாங்கி மாட்டினார். நான் போனபோது ஆம்ப், மேசை விளக்கு, பிளேயரின் சார்ஜர் எல்லாம் ஒரே நீட்டிப்புப் பலகையில் இருந்தன. விளக்கை அணைத்தேன், மாற்றம் இல்லை. பிளேயரிலிருந்து சார்ஜர் வயரை உருவினேன். சத்தம் கத்தியால் வெட்டினாற்போல் நின்றது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுவதும், வெளியே லிஃப்ட் கதவு மூடுவதும் கேட்டன. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயரைக் கையில் வாங்கி, மறுபடி செருகிப் பார்த்தார், உருவிப் பார்த்தார், நாலைந்து தடவை.

நடப்பது இதுதான். சார்ஜரிலிருந்து ஒரு துளி மின்சாரம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். மனிதரை ஒன்றும் செய்யாத அளவு அது. ஆனால் அது வீடு திரும்ப ஒரு வழி தேடும். பிளேயரையும் ஆம்ப்பையும் இணைக்கும் வயரின் வெளி உறை அதற்கு வழியாகிவிடுகிறது. பாட்டு திரும்பிப் போகும் வழியும் அதே உறைதான். எது பாட்டு, எது கசிவு என்று ஆம்ப்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்துப் பெருக்கிவிடும். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 அலை. அதனால் நீங்கள் கேட்கும் இரைச்சல் 50இலும் அதன் இரட்டிப்பான 100இலும் அடித்தொண்டையில் முனகும். ஃபோனோவில் செருகியிருந்தால் இதுவும் நூறு மடங்கு பெருகும், அங்கே கனத்த ஒலியைக் கூட்டும் வேலை வேறு நடக்கிறது. உங்கள் வீட்டில் இரைச்சல் அவ்வளவு பலமாகக் கேட்டதற்கு அதுதான் காரணம்.

இரவில் சார்ஜ் ஏற்றுங்கள், பகலில் உருவிவிட்டுக் கேளுங்கள். இதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை, காசும் இல்லை. ஐபாடின் பேட்டரி தளர்ந்துபோய் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் மட்டும் வேறு வழி தேடலாம். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு பொருள் விற்கிறார்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். பாட்டு காந்த வழியாகத் தாவிப் போய்விடும், கசிவு நின்றுவிடும். மலிவானதில் மிகக் கனத்த ஒலி கொஞ்சம் மெலியும், பழைய பாட்டுகளில் அது தெரியவே தெரியாது. சார்ஜரை உருவியும் இரைச்சல் மிச்சம் இருந்தால், ஆம்ப்பிலிருந்து டிவிக்கு ஏதாவது வயர் போகிறதா பாருங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சுவரில் இருக்கும் ஆன்டெனா துளை வழியாகவும் இதே கதை நடக்கும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை முடக்கினால் இரைச்சல் போகும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். போகும்தான். பெட்டிக்குள் ஒரு வயர் உரிந்து தகரத்தைத் தொட்டால் உயிரும் போகும்.

இவ்வளவு சொன்ன எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகத் தோன்றுவது வேறு ஒன்று. அந்த ஐபாடில் இருக்கும் பாட்டுகள் வேறு எங்காவது இருக்கின்றனவா? ஐபாட் கிளாசிக்கின் உள்ளே நினைவுச் சில்லு கிடையாது. 1.8 அங்குலத்தில் ஒரு குட்டி ஹார்ட் டிஸ்க் உண்மையாகவே சுழல்கிறது. ஆப்பிள் அந்த மாடலை 2014லேயே நிறுத்திவிட்டது. ஆக, உங்களிடம் இருப்பதற்குக் குறைந்தது பத்து வயதாவது ஆகியிருக்கும். ஒருநாள் ‘டிக் டிக்’ என்று சத்தம் எழுப்பிவிட்டு நின்றுபோனால், கடையில் கிடைக்கும் படப் பாட்டுகளை மறுபடி தேடிக்கொள்ளலாம். வானொலியிலிருந்து பதிந்தவை, வீட்டுக் கல்யாணத்தில் யாரோ பிடித்துவைத்த நாதஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு என்று ஏதாவது இருந்தால் அதற்கு எங்கே போவது? மூல கேசட் இருக்கிறதே என்றும் இருந்துவிட முடியாது. காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும் ஊர் இது. என் அலமாரியில் பத்து வருடம் மூடிக் கிடந்த கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, சுருளின் விளிம்பு முழுக்க மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. அதை ஓட்டினால் நாடாவோடு, பிளேயரில் அதைப் படிக்கும் முனையான ஹெட்டும் கெடும்.

அதனால் ஆம்ப்பில் செருகும் முன்பே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, மெதுவாகப் படியுங்கள். ஐபாடைப் புதிய கணினியில் செருகினால் ஆப்பிளின் ஐடியூன்ஸ் நிரல் (புதிய மேக்கில் ஃபைண்டர்) திறந்துகொண்டு, இது வேறு கணினியோடு இணைந்தது, அழித்துவிட்டு ஒத்திசைக்கவா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் அத்தனை பாட்டும் போய்விடும். கண்டிப்பாக வேண்டாம் என்று அழுத்துங்கள். விண்டோஸில் ஷிஃப்ட், கன்ட்ரோல் இரண்டையும் பிடித்துக்கொண்டே ஐபாடைச் செருகினால் தானாக ஒத்திசைக்கத் தொடங்காது. மேக்கில் கமாண்ட், ஆப்ஷன். ஐடியூன்ஸே இல்லாத விண்டோஸ் கணினி என்றால் இன்னும் நிம்மதி.

பிறகு ஐபாட் ஒரு பென் டிரைவ் மாதிரித் தெரியும். தெரியாவிட்டால், மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து ஆப்பிள் படம் வரும்வரை பிடியுங்கள். படம் வந்ததும் நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் பிடியுங்கள். டிஸ்க் மோட் என்று திரையில் வரும், அப்போது கட்டாயம் தெரியும். மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும்படி கணினியில் மாற்றிக்கொண்டால் ஐபாட் கன்ட்ரோல் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மியூசிக் என்று ஒன்று. அதை அப்படியே வெளியே இழுத்துப் பிரதி எடுத்தால் போதும். உள்ளே கோப்புகளின் பெயர் எல்லாம் அர்த்தமில்லாத நாலு எழுத்தாக இருக்கும், திகைக்க வேண்டாம். எம்பி3 ஆக வைத்திருந்தால் பாட்டின் பெயரும் படத்தின் பெயரும் கோப்புக்கு உள்ளேயே எழுதியிருக்கும், எந்தப் பிளேயரில் திறந்தாலும் தெரியும். வேவ் கோப்புகளாக ஏற்றியிருந்தால் மட்டும் பெயர் தொலைந்துபோக வாய்ப்பு உண்டு. அப்போது அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், அவர் நாலு வினாடி கேட்டே பெயர் சொல்லிவிடுவார். அவர் அந்தக் காலத்தில் மேக்கில் ஏற்றியிருந்தால் விண்டோஸ் கணினி அதைத் திறக்காது. ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கும், அதற்கும் வேண்டாம் என்றே சொல்லி, மேக் வைத்திருக்கும் ஒருவரைத் தேடுங்கள்.

ஐபாடை ஸ்பீக்கரின் தலையில் வைக்காதீர்கள். சுழலும் டிஸ்க்குக்கு அந்த அதிர்வு ஆகாது. ஆம்ப்பின் மேலும் வேண்டாம், சூடு.

புளூடூத் பற்றிக் கடைக்காரர் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஐபாடில் புளூடூத் கிடையாது, ஆக புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினாலும் அப்பாவின் பாட்டுகள் அதில் வந்துவிடாது. உங்கள் போனிலிருந்து கேட்க ஆசை இருந்தால், சின்ன புளூடூத் ரிசீவர் ஒன்றை வாங்கிக் காலியாக இருக்கும் டியூனர் துளையில் செருகுங்கள். ஐபாட் ஆக்ஸில் இருக்கட்டும், முன்பக்கக் குமிழைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். காற்றில் அனுப்புவதற்காகப் பாட்டைச் சுருக்குவார்கள் என்றாலும் வீட்டில் கேட்க அது போதும். அப்பாவுக்கு மட்டும் வயர்தான் நல்லது என்பேன். ஜோடி சேர்க்கும் வேலை இல்லை, நடுப்பாட்டில் வாட்ஸ்அப் மணி அடிக்காது. அவருடைய ஸ்பீக்கர்களின் அகலமும் ஆழமும் கையடக்கமான ஒன்றில் வரவும் வராது.

கடைசியாக இடது ஸ்பீக்கர். இதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நீங்கள்தான் சோதிக்க வேண்டும். முதலில் ஐபாடின் ரப்பர் உறையைக் கழற்றிவிட்டுப் பிளக்கை ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். அந்தப் பிளக்கின் உலோகத்தில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும், அவை உலோகத்தை மூன்று துண்டாகப் பிரிக்கும்: நுனி இடது, நடு வலது, அடி இரண்டுக்கும் பொது. பாதி செருகினால் ஒரு பக்கம் ஊமையாகும். அடித்துண்டு மட்டும் தொடாமல் நின்றால் இன்னும் விசித்திரம்: பின்னணி வாத்தியங்கள் கேட்கும், நடுவில் நிற்கும் பாடகரின் குரல் மட்டும் காணாமல் போகும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின் உள்ள கேமரா வயரைத் தவறியும் வாங்காதீர்கள். அதன் பிளக்கில் வளையம் மூன்று, வரிசை வேறு.

அடுத்து, ஆம்ப்பை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு அந்த ஆக்ஸ் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் வெளிவளையம் மங்கிப் பழுப்பாகி, சில இடத்தில் பச்சை பூத்திருக்கும். சிம் லிம் டவரில் உதிரிப் பொருள் விற்கும் கடைகளில் காண்டாக்ட் கிளீனர் என்று கேளுங்கள். பஞ்சுக் குச்சியில் அடித்து வளையத்தைச் சுற்றித் துடைத்தால் பஞ்சு கறுப்பாக வரும், மறுபடி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். மூடியைக் கழற்றி உள்ளே கை விடவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். முன்பக்கத்தில் ஸ்பீக்கர் ஏ, பி என்ற பொத்தான்களை இருபது தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள், பேலன்ஸ் குமிழையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றுங்கள். பாதித் தொந்தரவு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் இந்தச் சோதனை.   ஆம்ப்பின் பின்னால் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமை வலப்பக்கம் மாறிவிட்டால் குற்றம் வயரிலோ ஐபாடின் துளையிலோ. ஏழெட்டு வெள்ளியில் வேறு வயர் வாங்கிப் பாருங்கள். ஊமை இடப்பக்கமே நின்றால் பின்களைப் பழையபடி செருகிவிட்டு, ஆம்ப்பை அணைத்து ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றுங்கள். அப்போதும் அதே ஸ்பீக்கர்தான் ஊமை என்றால் ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ கோளாறு. மற்ற ஸ்பீக்கருக்கு மாறிவிட்டால் ஆம்ப்புக்குள் இருக்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியதும் ‘படக்’ என்று திரும்பி வருகிறதா என்றும் கவனியுங்கள். வந்தால், ஸ்பீக்கருக்குச் சத்தத்தைத் திறந்துவிடும் ரிலே என்ற உள் சுவிட்சின் முனை மங்கியிருக்கலாம் என்று அர்த்தம். ரிப்பேர்காரரிடம் ‘இடது சேனல், ரிலேயைப் பாருங்கள்’ என்று அந்த நாலு வார்த்தையை எழுதி ஆம்ப்பின் மேல் ஒட்டிக் கொடுங்கள். அது மாற்றக்கூடிய சின்னப் பாகம்தான்.